பால் வாங்கி வைத்த வீடு

நவம்பர் 3, திங்கள்

மாலை நான்கு மணிக்கு அழைப்பு வந்தது. நாளைக் காலை ஒரு வீடு. சிறுநீரோடு ரத்தமும் எடுக்க வேண்டும் என்றார்கள். அப்படியென்றால் ஐஸ் பேக் வேண்டும். கல்லூரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக நான்கு பேக்குகளையும் ஃப்ரீசரில் அடுக்கினேன். ராத்திரி முழுக்க இருந்தால்தான் கல்லாக உறையும். இல்லையென்றால் டெல்லி ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் ரத்தம் கெட்டுவிடும்.

ஜெகதீசன் கடையிலிருந்து வந்து ஃப்ரீசரைத் திறந்தார். நேற்று வாங்கிய வஞ்சிரத்தை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, பேக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தள்ளித் தள்ளி வைத்தார். எங்கே, யார் வீடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வேலையில் நான் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, ஒருநாளும் கேட்டதில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் இப்படி இருப்பார்களா தெரியவில்லை.

இன்று ஆசிரியர் அறையில் தமிழ்த்துறை கற்பகம் மேடம் கேட்டார், பி.டி. மேடம் லீவு போட்டுவிட்டு விடியற்காலையில் எங்கே போகிறீர்கள் என்று. விளையாட்டு வீராங்கனைகள் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் சிறுநீர் வாங்கி வருகிறேன் என்றேன். டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். ஊக்கமருந்து எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்காக என்று விளக்கினேன். கண்டுபிடிப்பது ஆய்வகம். பாட்டிலுக்குள் போவது அந்தப் பெண்ணுடையதுதானா, மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் நான். கல்லூரியில் சீட்டியடித்துக்கொண்டு நிற்கும் உடற்கல்வி இயக்குநருக்கு இது பொருத்தமான வேலைதான் என்றார் அவர்.

நவம்பர் 4, செவ்வாய்

பெனாசிரின் காரில் போனோம். அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன், ரத்தம் எடுப்பது அவள் பொறுப்பு. எந்த வீடு என்பதைக் காரில் ஏறிய பிறகுதான் அவளிடமே சொல்வேன்.

சூலூர் தாண்டி இந்துஜாவின் வீடு. இருபத்து நான்கு வயது. பெல்ஜியத்தில் ஒரு தொழில்முறை அணிக்காக சைக்கிள் ஓட்டுகிறாள். பந்தயம் இல்லாத குளிர்காலத்தில் மட்டும் அம்மாவிடம் வருவாள். அவளைப் போன்றவர்கள் தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் எந்த நாளும் போய் நிற்கலாம், போகாமலும் இருக்கலாம். அவள் பதிந்திருப்பது காலை ஆறிலிருந்து ஏழு.

மணியிலிருந்து கையை எடுப்பதற்குள் கதவு திறந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டாகியிருந்தது. நாங்கள் உட்காரும் முன்பே அவள் அம்மா தங்கமணி தட்டில் இரண்டு டம்ளர் காபியோடு வந்தார், பெனாசிருக்குச் சர்க்கரை இல்லாமல். என்ன மாதிரியான குடும்பம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். தையல் மெஷினில் உட்கார்ந்து ஒற்றை ஆளாக மகளை வளர்த்த பெண்மணி.

இந்துஜா நான் நீட்டிய சீலிட்ட பாட்டில் கிட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள், கையைக் கழுவினாள். கழிவறைக்குள் நான் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும், அதுதான் விதி. முதல் வருடம் நான் பார்த்துக்கொண்டு நின்றதால் அவளுக்குச் சிறுநீர் வரவே இல்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்று வீட்டுக்கு வந்து, பெயர் சொல்லாமல், ஒரு பிள்ளை அழுதாள் என்று மட்டும் ஜெகதீசனிடம் சொன்னேன். அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அவளுக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. ஆனால் சாம்பிள் தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. அடர்த்தி போதவில்லை, இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. போன தடவையும் இப்படித்தான். நிறையத் தண்ணீர் குடிக்கிறாள், நல்ல பழக்கம். காத்திருந்த நேரத்தில் இட்லியும் வந்தது. அதை வேண்டாம் என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. துணி ஊறிக் கிடக்கிறது. வஞ்சிரத்தை ஜெகதீசன் வறுத்தார், நான் உப்பு போட மறந்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் ஒரு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழலவிட்டு, கோணல் எங்கே என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் இந்துஜா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீராங்கனைகளோடு பழகக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அவளும் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காரும்மா. அக்கா இப்ப சாப்பாட்டுக் கேரியரோட வந்திருக்காங்க, பாட்டிலோட இல்ல" என்றார் ஜெகதீசன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். சுவரில் அவளுடைய படம் மாட்டியிருக்கிறது, தேசியப் போட்டியில் முடிவுக்கோட்டைத் தாண்டும் படம். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முதல் கியர் சைக்கிள் கொடுத்தவர் இவர்தான். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டும் எல்லாப் பிள்ளைகளும் இவரை ஜெகாண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. பெல்ஜியத்து அணியில் ஜனவரியில் புது ஒப்பந்தம் போட வேண்டும், மலையேற்றத்தில் இன்னும் வேகம் காட்டினால்தான் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது நகத்தைக் கடித்தாள். அவர் அவளுடைய விரலைத் தட்டிவிட்டார், நம் பிள்ளையைத் தட்டுவது போல.

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

வேலையில் சேரும்போது ஒரு கேள்வி இருந்தது, எந்த வீரரோடாவது உனக்கு நெருங்கிய உறவு உண்டா என்று. இல்லை என்று எழுதினேன். என்னைத்தானே கேட்டார்கள்.

நவம்பர் 21, வெள்ளி

அழைப்பு. ஐஸ் வைத்தேன். ஃப்ரீசரில் மீன் இல்லை, நகர்த்த எதுவும் இல்லை. அப்படியும் ஜெகதீசன் ஒருமுறை திறந்து பார்த்தார். "வெச்சுட்டியா வளரு?" என்று கேட்டார். மறந்துவிடுவேனோ என்று அவருக்குக் கவலை.

நவம்பர் 22, சனி

அவினாசியில் மேகலா வீடு. இவளும் சைக்கிள்தான். தேசியப் போட்டியில் இந்துஜாவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவள். அந்தப் படத்தில் ஓரத்தில் பாதி முகம் தெரிகிறதே, அது இவள். முதலாவது வந்தவளைத்தான் பெல்ஜியத்துக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அப்பப்பா, என்ன வீடு. நாலு தடவை மணி அடித்து, நாய் எங்களைக் குரைத்துத் தீர்த்த பிறகு, மேகலாவின் அப்பா பனியனோடு வந்தார். நாங்கள் யார் என்று அவருக்குப் புரியவில்லை, கரண்ட் ஆபீஸா என்று கேட்டார். மேகலா தலை கலைந்து, போர்வையோடு எழுந்து வந்தாள். அவள் அம்மா நாங்கள் உட்கார வேண்டிய பாயைச் சுருட்டுவதா, நாயைக் கட்டுவதா, முகம் கழுவுவதா என்று தெரியாமல் மூன்றையும் பாதிப் பாதி செய்தார். காபி கேட்டுவிட்டு உள்ளே போனவர் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். "ஏனுங்க்கா, ஒரு டம்ளர் பால் இருந்தாக் குடுங்க. யாரோ ஆபீசருங்க வந்திருக்காங்க, வீட்டுல சொட்டுப் பாலு இல்ல, மானம் போகுது."

எங்களுக்குக் கேட்டுவிட்டது. பெனாசிர் குனிந்துகொண்டாள்.

மேகலா விடியற்காலையிலேயே கழிவறைக்குப் போய்விட்டு வந்து படுத்திருக்கிறாள். சிறுநீர் வர எட்டு மணி தாண்டிவிட்டது. கல்லூரிக்கு அரைநாள் போயிற்று. காரில் பெனாசிர், "வந்தா இந்துஜா வீட்டுக்கு வரணும் மேடம், ஹோட்டல் மாதிரி" என்றாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

அழைப்பு. ஐஸ்.

டிசம்பர் 5, வெள்ளி

மறுபடி இந்துஜா. கதவு, கோலம், காபி, எல்லாம் முன்போலவே. சாம்பிள் மறுபடி வெளுப்பு, மறுபடி காத்திருப்பு. இந்துஜா கூடத்தில் என் கண்ணெதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தங்கமணி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தையல் மெஷின் ரிப்பேர், காலில் வலி என்று பேச்சு போயிற்று. நடுவில் சொன்னார்.

"போன தடவ வருவீங்கன்னு நாலு பாக்கெட் பால் வாங்கி வெச்சு, நீங்க வரவே இல்லீங். அத்தனையும் தயிராப் போட்டு அக்கம்பக்கம் குடுத்தேன்."

"எப்பங்க?" என்றேன்.

"அதானுங், போன மாசம். சனிக்கெழம."

இந்துஜா, "அம்மா, அது சித்தி வர்றேன்னாங்க" என்றாள். தங்கமணி அவளைப் பார்த்தார். பிறகு ஆமாமாம், சித்திதான், எனக்குத்தான் எல்லாம் குழம்பிப் போகிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

வயதானால் எல்லோருக்கும் குழப்பம்தான். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

வலைப்பந்துக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்ய வேண்டும். மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு கேட்டு மூன்று வாரம் ஆகிறது. ஜெகதீசனின் சட்டைக்குப் பித்தான் தைத்தேன்.

போன மாதம் சனிக்கிழமை நாங்கள் போனது அவினாசிக்கு.

டிசம்பர் 11, வியாழன்

நாளைக்கு ஒரு ஓட்டப்பந்தய வீராங்கனை, பொள்ளாச்சிப் பக்கம்.

நாளைக்கு நான் போகப்போவது யாருக்கெல்லாம் தெரியும் என்று வகுப்பு நடத்தும்போது யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். பிள்ளைகள் கையைத் தூக்கியபடி நின்றார்கள், இறக்கச் சொல்ல மறந்துவிட்டேன். முகமையில் ஒருவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பெனாசிருக்கு நாள் மட்டும் தெரியும், ஆள் தெரியாது. முகமையிலிருந்து செய்தி போயிருந்தால் சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கும். இந்துஜா வீட்டில் பால் வாங்கி வைத்த சனிக்கிழமை நாங்கள் போனது மேகலா வீட்டுக்கு. அப்படியானால் சொன்னவருக்கு நாள் தெரிந்திருக்கிறது, வீடு தெரியவில்லை.

பெனாசிராக இருக்குமோ என்று மதியம் முழுக்க நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். அந்தப் பெண்ணுக்கு இந்துஜாவின் போன் நம்பர்கூடத் தெரியாது.

சாயங்காலம் ஐஸ் பேக்குகளை ஃப்ரீசரில் வைத்தேன். ஜெகதீசன் வந்தார். கை கழுவினார். ஃப்ரீசரைத் திறந்தார், சரிசெய்தார், மூடினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, வண்டியைச் சரியாக நிறுத்தினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனார்.

இரவுக்குத் தோசை.

டிசம்பர் 13, சனி

பக்கத்தில் படுத்திருக்கும் மனிதரின் மூச்சு ஒரே சீராக இருக்கிறது. இதை எழுதும்போது காலை மணி ஏழு, ஞாயிறு போலத் தூங்குகிறார். நேற்றும் நன்றாகத்தான் தூங்கினார்.

ஒன்று எனக்குப் புரியவில்லை. இந்த ஐஸ் பேக்குகளைக் கல்லூரியிலேயே வைத்திருக்கலாம். கேண்டீனில் பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், வீட்டில் தெரியும்படி எதையும் வைக்காதீர்கள் என்று. அது துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது என்று அன்று சிரித்தோம். வீட்டுக்குள் வாயால் சொல்லாத ரகசியத்தை நான்கு நீல நிறக் கட்டிகளாகச் செய்து, மீன் வைக்கிற இடத்தில் நானே அடுக்கிவைத்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை என்று பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

கேட்டுவிடலாமா என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். கேட்டால் இல்லை என்பார். இல்லை என்றால் நம்பிவிடுவேன். அதனால் கேட்கவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

அழைப்பு வந்தது. பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இந்துஜா.

இந்த ஒருமுறை வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல எனக்கு நிச்சயமாக எதுவும் தெரியாதே.

பேக்குகளைக் கேண்டீன் ஃப்ரீசரில் குச்சி ஐஸ் பெட்டிக்குக் கீழே வைத்தேன். கேண்டீன் சின்னராசு, "யாருக்குங்க மேடம் அடி பட்டுச்சு?" என்று கேட்டார். இனிமேல்தான் பட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜெகதீசனிடம், நாளை ஈரோட்டில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, அதிகாலை பஸ் என்றேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவரிடம் பொய் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். அது சரியில்லை. சின்னச் சின்னதாக நிறையச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன் என்பதுதான் புதிது.

"சாப்பிட்டுட்டுப் போ. பஸ்ஸ்டாண்டு பொங்கலச் சாப்புட்டு வயித்தக் கெடுத்துக்காத" என்றார். வழக்கம்போல ஃப்ரீசரைத் திறந்தார். பச்சைப் பட்டாணிப் பொட்டலம் மட்டும் இருந்தது. மூடிவிட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தார். போனைத் தொடவில்லை.

டிசம்பர் 20, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நாளை முகமைக்கும் எழுத வேண்டும். அதில் எழுத முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆறேகாலுக்கு மணி அடித்தேன். யாரும் வரவில்லை. வாசலில் நேற்றைய கோலம் காலடி பட்டு அழிந்து கிடந்தது. மறுபடி அடித்தேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. தங்கமணி கதவைத் திறந்தார், நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, முடியைப் பின்னாமல். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. குழப்பம்தான். சொன்ன நாளில் வராத விருந்தாளி சொல்லாத நாளில் வந்து நிற்பதைப் பார்த்த முகம்.

"உள்ள வாங்க" என்றார். பிறகு, "பால் வாங்கலீங்களே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "இன்னைக்குன்னு பாலே வாங்கலீங்களே."

பெனாசிர் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியில்தான் எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

இந்துஜா அறையிலிருந்து வந்தாள். கையில் போன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இந்த நிமிடத்திலிருந்து பரிசோதனை முடியும் வரை அவள் என் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும், மறுத்தால் அதுவே குற்றமாகும். நூறு தடவை சொன்ன வாக்கியங்கள். என் குரல் யாரோ பக்கத்து அறையில் படிப்பது போலக் கேட்டது. தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டாள். குடிக்கலாம் என்றேன். ஒரு சொம்பு நிறையக் குடித்தாள், இன்னொன்று குடித்தாள். வயிறு தாங்காமல் நிறுத்தினாள்.

கழிவறைக்குள் நாங்கள் இருவர் மட்டும். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"இன்னைக்கு வேண்டாங்க்கா."

நான் குழாயைத் திறந்துவிட்டேன்.

"கதவு தட்டுனோம், யாரும் தெறக்கலைன்னு எழுதிக்கோங்க்கா. ஒண்ணு மிஸ்ஸானா ஒண்ணும் பண்ண மாட்டாங்க, மூணு ஆனாத்தான். எனக்கு ஒண்ணுகூட இல்ல. எழுதுனா யாருக்கும் எதுவும் ஆகாதுங்க்கா."

அவள் சொன்னது சரி. ஒருமுறை வீட்டில் இல்லாமல் போனால் பெயருக்கு நேரே ஒரு குறி விழும், அவ்வளவுதான். மருந்து இருப்பது தெரிந்தால் நான்கு வருடம் சைக்கிளைத் தொட முடியாது. ஜனவரி ஒப்பந்தம் போகும். இருபத்து எட்டு வயதில் யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? பெனாசிரிடம் நான் கேட்டால் அவள் மறுக்க மாட்டாள். நான் கேட்கக்கூட வேண்டாம், பார்த்தால் போதும்.

"ஜெகாண்ணாவுக்காகவாவது" என்றாள்.

பெயரை அவள் வாயால் கேட்டதும் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பக்கத்து வீட்டில் பால் கேட்ட மேகலாவின் அம்மாவுடைய குரல்தான் காதில் வந்தது. மானம் போகுது என்று சொன்ன குரல். அன்று அந்த வீட்டை நான் எவ்வளவு இளக்காரமாகப் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லி வைக்காத வீடு அப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு அல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

"கையக் கழுவிட்டு வாம்மா" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவினாள். அழவில்லை. முதல் வருடம் அழுத பிள்ளை இவள்.

அடர்ந்த மஞ்சள். ராத்திரி முழுக்க உடம்பில் தங்கிய சிறுநீர். இந்த வீட்டில் முதல்முறையாக ஒரே தடவையில் அடர்த்தி சரியாக இருந்தது. நாங்கள் வருவது முன்பே தெரிந்த நாட்களில் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கரைத்து வைத்திருப்பாள். இரண்டு பாட்டிலையும் அவளே ஊற்றினாள், மூடினாள். மூடி இறுகும்போது வரும் கடகடச் சத்தத்தைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பெனாசிர் ரத்தம் எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டேன், அதுவும் விதிதான். இல்லை என்றாள்.

கிளம்பும்போது தங்கமணி தெருமுனைக் கடையிலிருந்து பால் பாக்கெட்டோடு ஓடி வந்தார். "ஒரு நிமிசம் இருங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. விருந்தாளி வருவார்கள், பால் வாங்கு என்று மகள் சொல்லியிருப்பாள், வாங்கியிருப்பார். இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

சூலூர் வந்த பிறகு பெனாசிர் கேட்டாள். "ஐஸ் எங்க மேடம் வெச்சீங்க?"

"காலேஜ்ல."

அவள் தலையாட்டினாள். சாம்பிள்களை அனுப்பிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை, கடையில் கூட்டம் இருக்கும் நாள். ஜெகதீசன் கடை திறக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இந்துஜாவோ அவள் அம்மாவோ போனில் பேசியிருப்பார்கள். ஈரோடு எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

"ஐஸே வெக்கலியே வளரு" என்றார்.

அவ்வளவுதான். நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவராகவே சொன்னார். அழுதது இந்துஜாதான் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். எப்போது வருவார்களோ என்று தினமும் விடியற்காலையில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தூங்க முடியவில்லை, தூங்காமல் பயிற்சி செய்ய முடியவில்லை என்று கடையில் வந்து சொன்னாளாம். ஐஸ் இருக்கும் நாளில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஐஸ் இல்லாத நாளில் அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

"தூங்கட்டும்னுதான் பண்ணுனேன். அவ ஊசி போடுறது எனக்குத் தெரியாது."

நான் அவரிடம் பேசிய கொஞ்ச நேரத்தில் மருந்து என்று ஒருமுறை சொன்னேன். ஊசி என்று சொல்லவில்லை. சைக்கிள் பந்தயத்தோடு இத்தனை வருடம் பழகியவர், அங்கே மருந்து என்றால் பெரும்பாலும் ஊசிதான். பொதுவாகச் சொல்லியிருப்பார்.

பொதுவாகத்தான் சொல்லியிருப்பார்.

டிசம்பர் 21, ஞாயிறு

முகமைக்கு எழுதி அனுப்பினேன். ஐஸ், பால், மிஸ்டு கால், என் கணவரின் பெயர், எல்லாவற்றையும் எழுதினேன். இதற்கு முன் அந்த வீட்டில் எடுத்த சாம்பிள்களை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்றும் எழுதினேன். என்னை இனி அனுப்ப வேண்டாம் என்று கடைசியில் எழுதி, அது மிகையோ என்று அழித்து, மறுபடி எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஜெகதீசனிடம் படித்துக் காட்டினேன். தன் பெயரை எடுத்துவிடச் சொல்வாரோ என்று காத்திருந்தேன். "சூலூருக்கு எந்த லூ போட்டிருக்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு கடைக்குப் போனார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில்தான் வைத்தேன். கடைக்கு வரும் பிள்ளைகள் யாரும் இந்த வருடம் கரும்பு கொண்டுவரவில்லை. மீதி ஐஸ் பேக், கிட், அடையாள அட்டை எல்லாவற்றையும் போன வாரமே கூரியரில் அனுப்பிவிட்டேன். பெனாசிர் போனில் வாழ்த்துச் சொன்னாள். இப்போது வேறு ஒரு மேடத்தோடு போகிறாளாம். அந்த மேடம் எந்த வீட்டிலும் காபி குடிப்பதில்லையாம்.

பிப்ரவரி 12, வியாழன்

செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் வந்துவிட்டது. ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் மருந்து, தற்காலிகத் தடை, விசாரணை நடக்கும். படம் போடவில்லை. ஜெகதீசன் படித்துவிட்டு நாளிதழை அதே மடிப்பில் மடித்து வைத்தார். மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது கடைச் சுவரைப் பார்த்தேன். படம் அங்கேயே இருக்கிறது. இந்துஜா கோட்டைத் தாண்டுகிறாள், ஓரத்தில் மேகலாவின் பாதி முகம்.

எடுக்கவில்லையா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

பழக்கதோஷத்தில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. போக எந்த வீடும் இல்லை. எழுந்து வெளியே வந்தேன். ஜெகதீசன் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். மேடையில் இரண்டு டம்ளர் காபி, ஆவி பறக்க. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன் நான் எழுந்திருப்பதில்லை.

நான் எழுந்து வருவேன் என்று இவருக்கு யார் சொன்னார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நினைத்தது தெரிந்திருக்கும்.

"பொரண்டு பொரண்டு படுத்தியே, சத்தம் கேட்டுச்சு" என்றார்.

எடுத்துக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.